வெறுமையாய் விட்ட மூன்றாவது அடைப்பு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நெடுங்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கிறேன். வரும் வேலையில் பாதி கல்வெட்டு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு இங்கே அதுதான் பெயர். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் வம்சாவளி.

எங்களிடம் இருப்பது கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் முறை. கல்வெட்டுக்கென்றே யாரோ ஒரு கட்டளைத் தொகுப்புச் செய்து வைத்திருக்கிறார்கள். வம்சாவளியில் ஆளுக்கொரு கட்டளை, அதன் பின்னால் அடைப்புகள். முதலாவதில் பெயர், இரண்டாவதில் பிறந்த ஆண்டு, மூன்றாவதில் இறந்த ஆண்டு. உயிரோடு இருப்பவருக்கு மூன்றாவது அடைப்பே போடுவதில்லை.

போன வருடம் அந்தத் தொகுப்பின் புதிய பதிப்பைப் போட்டோம். அன்றிலிருந்து அலுப்புத்தான். பழைய கோப்பைத் திறந்தால் தேவார வரி உடைகிறது, படம் அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது. ஒன்றைத் திருத்தி முடிக்க முன்னம் அடுத்த செத்தவீடு வந்துவிடும்.

மாசியில் கனகராயன்குளத்திலிருந்து ஒரு பெண் தாயின் கல்வெட்டுக்காக வந்தார். அவருடைய தகப்பனின் கல்வெட்டையும் முன்பு நான்தான் செய்தேன். வம்சாவளியை அந்தக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். இரண்டு நாள் தேவாரத்தோடு மல்லுக்கட்டிய களைப்பில், வாசிக்காமலே தாளை அவரிடம் நீட்டினேன்.

அவருடைய விரல் ஒரு பெயரில் நின்றது. போரின் கடைசியில் காணாமல்போன தம்பியின் பெயர். அதற்கு முன்னால் 'அமரர்' என்று இருந்தது.

"அண்ணை, இதை ஆர் போட்டது?"

கணினி போட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கோப்பைத் திறந்து அந்த வரியைத் தேடினேன்.

தகப்பனின் கல்வெட்டு நேரம் அந்தத் தாய் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து சொன்னது நினைவுக்கு வந்தது. "இருக்கிற பிள்ளையளைப் போலவும் போடாதேங்கோ, செத்த ஆக்களைப் போலவும் போடாதேங்கோ. அவன்ர இடத்தை வெறுமையா விடுங்கோ." எனக்குத் தெரிந்த வழியில், மூன்றாவது அடைப்பைப் போட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டேன். பழைய பதிப்பு, பிறந்த ஆண்டுக்குப் பிறகு ஒரு சின்னக் கோடும் வெற்றிடமும் தந்தது. புதியது உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதில்லை. மூன்றாவது அடைப்பைக் கண்டாலே 'அமரர்' போட்டுவிடுகிறது.

இதைத் திக்கித் திணறி மகளுக்குச் சொன்னேன்.

"அம்மா கண்டிருந்தா உங்களைக் கதிரையோட தூக்கி றோட்டில வச்சிருப்பா," என்றார்.

"ஓம். மூண்டாவதை எடுத்துவிடட்டோ? மற்றப் பிள்ளையளைப் போல வரும்."

அவர் தாளை என்னிடம் திருப்பித் தந்தார். "வேண்டாம். அம்மா கேட்ட மாதிரியே வரட்டும். ஏலுமோ?"

"பழைய பதிப்பு இருக்கிற பழைய கொம்பியூட்டரிலதான் ஏலும். அது நல்லாச் சுணங்கும், பின்னேரம் ஆகிடும். எழுத்தும் மற்றப் பக்கங்களோட ஒட்டாது."

"சுணங்கட்டும், நான் இருக்கிறன். இவ்வளவு காலம் இருந்தனாங்கள்தானே."

மூலையில் கிடந்த பழைய கணினியின் துணியை நீக்கித் தூசு தட்டினேன். அது இரைந்து இரைந்து எழும்பியது. பக்கம் வெளியே வந்ததும் அவர் அந்தக் கோட்டையும் அதன் பின்னால் இருந்த வெற்றிடத்தையும் பார்த்தார். பிறகு பேனையை வாங்கி, மற்றப் பெயர்களில் பிழை பார்க்கத் தொடங்கினார்.