காலை ஒன்பது வரை லேடீஸ் கிடையாது

நான் லேடீஸ் என்பது எனக்கே தெரிந்தது திருச்சானூர் லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான். அதற்கு முன், சித்தூரில் பி.காம். படித்த காலத்தில் பெரும்பாலும் வெறும் பெண்ணாக இருந்தேன். சில நேரம் 'ஏய்' ஆக, ரிசல்ட் வந்த அன்று மட்டும் 'எங்க பொண்ணு' ஆக. ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருந்த டைம் சார்ட்டை விரலால் தட்டி எனக்கு இந்தப் பதவியைத் தந்தவர் லாட்ஜ் மேனேஜர்.

சார்ட்டில் நான்கு வரிகள். ஐந்திலிருந்து ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்பது. ஒன்பதிலிருந்து ஐந்து. நான்காவது வரி மட்டும் பச்சை மையில்: லேடீஸ், காலை ஒன்பதிலிருந்து ஐந்தரை.

எனக்கு கணக்கு கொஞ்சம் வேகமாக வரும். "சார், அவங்களுக்கு எட்டு மணி நேரம். எனக்கு மட்டும் எட்டரை வருதே?"

"உனக்கு பத்திரமான டைமாச்சேம்மா. அதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார், பொங்கலில் ஒரு முந்திரி கூடுதலாக வைத்துக் கொடுத்தவரைப் போல.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. ஆதார் கார்டில் சுருட்டை முடியோடு சிரிப்பவர் நேரில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்பார். அவர் குடும்பமே அப்படித்தான் நிற்கும். ஐந்து மொட்டைகள், ஐந்து ஆதார்கள். யார் யாரென்று பொருத்துவதற்குள் வரிசை வாசல் வரை போய்விடும். நான் மூக்கை வைத்துப் பொருத்தக் கற்றுக்கொண்டேன். சாவி கொடுக்கும்போதே கோயிலுக்கு எந்தப் பக்கம் நுழைய வேண்டும், ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும், தயிர்சாதம் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்காமலேயே சொல்வேன். "அம்மா, சாவியைக் குடும்மா" என்று சிலர் கெஞ்சியதும் உண்டு.

இந்த வாயைப் பார்த்துவிட்டு, தங்க வந்த ஒருவர்தான் டூரிஸ்ட் கைடு பயிற்சியைப் பற்றிச் சொன்னார். திருப்பதியில் ஒரு பயிற்சி நிலையம். மூன்று மாதம், தினமும் மதியம் இரண்டரை முதல் ஐந்து வரை. விண்ணப்பித்தேன், சீட் கிடைத்தது. திங்கட்கிழமை முதல் வகுப்பு. அன்று வராதவரின் சீட் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்குப் போய்விடும் என்று குறுஞ்செய்தியும் வந்தது.

ஐந்தரை வரை மேஜையில் இருக்கிறவள் இரண்டரைக்கு வகுப்பில் எப்படி இருப்பது? அதற்கும் வழி திறந்தது. காலை ஐந்து மணி ஷிஃப்டில் இருந்தவர் கல்யாணம் செய்துகொண்டு சூளூர்பேட்டைக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மேனேஜரிடம் போய் நின்றேன்.

"சார், அந்த அஞ்சு மணி ஷிஃப்ட்ட எனக்குக் குடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அய்யய்யோ, அஞ்சு மணின்னா இருட்டும்மா. லேடீஸ் எப்புடி வருவாங்க?"

"நடந்து, சார். ஹாஸ்டல் ரெண்டு தெரு தள்ளித்தான்."

"லேதும்மா. ஒன்பதுக்கு முன்னால லேடீஸே ரூல்ல இல்ல."

அந்த நேரம் பார்த்து, தரை துடைத்துக்கொண்டே வந்த அக்கா, "சார், கால தூக்குங்க" என்றார். மேனேஜர் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். அக்கா தினமும் விடியற்காலை நாலு மணிக்கே வந்து நாலு மாடியையும் பெருக்கித் துடைப்பவர்.

"அக்கா நாலு மணிக்கே வராங்களே சார்?"

"அது ஹவுஸ்கீப்பிங்மா" என்றார், கால்கள் அந்தரத்தில் இருக்க. "லேடீஸ் இல்ல."

அக்கா மாப்பை நிறுத்திவிட்டுத் தன் புடவையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். "அப்டியா சார்? இத்தினி நாளா எங்கிட்ட யாரும் சொல்லவேல்லியே."

மேனேஜர் கெட்டவர் இல்லை. என் முகம் தொங்கியதைப் பார்த்து இறங்கி வந்தார். "உங்க நைனா சம்மதம்னு லெட்டர் எட்த்துகினு வா. உனக்கு டியூட்டி லெட்டர் போடறேன். சனிக்கெழமைக்குள்ள வரணும். இல்லன்னா வேற ஆள வெச்சுருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, ஊருக்கே மனு டைப் அடித்துக் கொடுப்பவர் என் நைனா. ஒரு லெட்டர் அவருக்கு ஒரு தும்மல்.

புதன்கிழமை என் வார விடுமுறை. பஸ் பிடித்துச் சித்தூர் போய்க் கடையில் உட்கார்ந்தேன். நைனா விரல்களைச் சொடுக்கிக்கொண்டு 'பெறுநர்' என்று அடித்தார். நின்றார்.

"இணைப்பு?"

"இன்னா இணைப்பு?"

"நாலரை மணிக்கு ஹாஸ்டல் கேட்டு தொறப்போம்னு வார்டன் லெட்டர். அது இல்லாம நான் எப்டி சம்மதம்னு எழுதறது? நாளைக்கி யாராச்சும் கேட்டா?"

"யாரு நைனா கேப்பாங்க?"

"இணைப்பு இல்லாத மனு நிக்காதும்மா." இதைச் சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர். பெற்ற மகள் என்று சலுகை கிடையாது.

சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் முறையிட்டேன். அது மாங்காய் சீசன். அம்மா மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் தோத்தாபுரி நறுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். உள்ளே வரும்போதே வீடு முழுக்க மாம்பழ வாசனை. பின்னாலேயே நாலு ஈ. அங்கே பாய்லர் பக்கம் நிற்கும் ஆண்களுக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட். நறுக்கும் பெண்களுக்கு, குவியல் முடிகிற வரை. குவியலுக்குக் கடிகாரம் கிடையாது. லாரி வந்தால் அது மறுபடியும் வளரும்.

அம்மா காலை நீட்டிக்கொண்டு நைனாவைப் பார்த்தார். "நான் வேன் ஏற சொல்ல மணி இன்னா?"

"நாலரை" என்றார் நைனா.

"அது வெளிச்சமா, இருட்டா?"

"இருட்டுதான்."

"எனக்கு எந்த இணைப்பு வெச்சே?"

நைனா யோசித்தார். சட்டம் தெரிந்தவர் யோசிக்கும்போது ஒரு கண் சுருங்கும். "அது சீசன்மே" என்றார் கடைசியில்.

அம்மா ஈ விரட்டிக்கொண்டிருந்த துண்டை அவர் மேல் வீசினார். ஆனாலும் லெட்டர் வரவில்லை.

வியாழக்கிழமை வார்டனிடம் போனேன். அவர் சீரியல் பார்த்துக்கொண்டே, "கேட்டு தொறக்கறது பெரிய விஷயமா? வேலை செய்யற எடத்துலருந்து டியூட்டி லெட்டர் எடுத்துட்டு வா. அடுத்த நிமிஷம் நான் எழுதித் தரேன்" என்றார்.

மேனேஜரிடம் ஓடினேன். "நைனா லெட்டர் வந்தா டியூட்டி லெட்டர்" என்றார்.

யாரோ விட்டுப்போன ஆதார் ஜெராக்ஸின் பின்பக்கம் படம் போட்டுப் பார்த்தேன். மேனேஜருக்கு நைனா வேண்டும், நைனாவுக்கு வார்டன் வேண்டும், வார்டனுக்கு மேனேஜர் வேண்டும். மூன்று அம்புக்குறிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு சுற்றின. நடுவில் நான் ஒரு புள்ளி.

வெள்ளிக்கிழமை மூன்று பேரையும் ஒரே ஃபோன் காலில் சேர்த்து, மேஜையில் ஸ்பீக்கரில் வைத்தேன். ஒருவர் முதலில் கையெழுத்துப் போட்டால் போதும், மற்ற இரண்டும் சீட்டுக்கட்டு மாதிரி விழுந்துவிடும் என்று என் கணக்கு.

"மேடம், நீங்க மொதல்ல குடுத்துருங்க" என்றார் மேனேஜர்.

"அதெப்புடி சார், பெத்தவரு இருக்காரு. அவரு முன்னால நானா?"

"சேச்சே, நான் இன்னாங்க. பொண்ணு உங்க பொறுப்புலதான கீறா" என்றார் நைனா.

இப்படியே கால் மணி நேரம் ஒருவரையொருவர் முன்னால் போகச் சொல்லிக்கொண்டார்கள், குறுகலான கதவில் மாட்டிக்கொண்ட மூன்று சம்பந்திகள் மாதிரி. வார்டனின் அம்மா வீடு சித்தூர் என்று தெரிந்ததும் இந்த வருஷ மாங்காய் விளைச்சலைப் பற்றிப் பேச்சு போனது. நான் ஃபோனுக்குக் கைகூப்பினேன். கடைசியில் மூவரும் மனமொத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ஆம்பளை ஆள். ஹாஸ்டல் வாட்ச்மேன் தாத்தாவை அனுப்புவதாக வார்டன் சொன்னார். சனிக்கிழமை ஒரு சோதனை. சரியாக வந்தால் மூன்று லெட்டரும் அன்றே.

சனிக்கிழமை நாலரைக்குத் தயாராக நின்றேன். தாத்தா விபூதி பூசி, தடியோடு, ராணுவ வீரர் மாதிரி வந்தார். பத்தடி போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணுல பொற கீதும்மா. இருட்டுல ஒண்ணும் தெரில. நீ கொஞ்சம் இட்டுகினு போ."

மேட்டைச் சொல்லி, பள்ளத்தைச் சொல்லி, சாணியைச் சுற்றி, படுத்திருந்த நாயைச் சுற்றி, என் பாதுகாவலரைப் பத்திரமாக லாட்ஜில் கொண்டுவந்து சேர்த்தேன். மணி ஐந்துக்கு ஐந்து நிமிடம். சோதனைக்காகவே சீக்கிரம் வந்திருந்த மேனேஜர் தலையாட்டிப் பாராட்டினார். தாத்தாவை.

அப்போது வார்டன் ஃபோன். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். பால்காரர் வெளியே நிற்கிறார், ரயிலுக்குப் போக வேண்டிய இரண்டு பெண்கள் உள்ளே கத்துகிறார்கள். தாத்தா தனியாகத் திரும்ப முடியாது. நான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்டைத் திறந்துவிட்டதும் நான் கிளம்பினேன். "தனியா போவாதம்மா, வார்டன் திட்டுவாங்க" என்று தாத்தா மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டார். லாட்ஜ் வந்ததும் அவரை மறுபடியும் விட்டு வர வேண்டும் என்று புரிந்தது. அந்த இரண்டு தெருவை நாங்கள் எத்தனை முறை நடந்தோம் என்று நாய்க்குத்தான் தெரியும். முதல் தடவை குரைத்தது, அப்புறம் வாலாட்டியது, கடைசியில் எழுந்திருக்கவே இல்லை. நான் மேஜைக்கு வந்தபோது விடிந்தே விட்டது.

"பாத்தியாம்மா" என்றார் மேனேஜர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இது செட் ஆவாது. நான் வேற ஆளுக்கு ஃபோன் போடறேன்."

அவர் விரல் எண்களைத் தேடிக்கொண்டிருந்தது. என் சீட் வெயிட்டிங் லிஸ்ட்காரரை நோக்கிக் கிளம்பிப் போவது எனக்குக் கண்ணால் தெரிந்தது.

"சார், கால தூக்குங்க" என்றது பழகிய குரல். அவர் தூக்கிக்கொண்டார். அக்கா மாப்பை ஊன்றி நின்றார். "நான் டெய்லி அந்த ஹாஸ்டல் வழியாத்தான் சார் வரேன். நான் இட்டாறேன் இந்தப் பொண்ண."

"லேடீஸுக்கு லேடீஸ் எப்புடிம்மா துணை? ஆம்பள வேணும்."

"நான் லேடீஸ் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

மேனேஜர் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தார். சாவி வாங்கக் காத்திருந்த ஒரு மொட்டைக் குடும்பம் ஆர்வமாக நெருங்கி வந்தது. கால்கள் இன்னும் மேலேயே இருந்தன, இறக்க மறந்துவிட்டார். சொந்த ரூலில் கால் தடுக்கியவர் எங்கே இறக்குவார்?

"அது... சரிதான்" என்றார்.

"ஆனா ஒண்ணு சார்" என்றார் அக்கா. "நான் வரது நாலு மணிக்கு. அப்போ ரொம்ப இருட்டு. லேடீஸ இட்டார முடியாது. நானும் அஞ்சுக்கே வரேன்."

"அப்ப பெருக்கறது?"

"அஞ்சு மணிக்குப் பெருக்குனா தரை வேணாம்னுமா?"

மொட்டைக் குடும்பத்தில் ஒரு பெரியவர், "நியாயம்தானே" என்று தீர்ப்புச் சொன்னார். மேனேஜர் பச்சைப் பேனாவை எடுத்தார்.

மதியத்துக்குள் மூன்று லெட்டரும் வந்தன. நைனாவினுடையது வாட்ஸ்அப்பில், இரண்டு பக்கம், இணைப்புகள் இரண்டு. மனுவின் அடியில் அம்மாவின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'என் வேனையும் அஞ்சுக்கு வரச் சொல்லி எழுதித் தரச் சொல்லு உங்க நைனாவ.'

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு ஹாஸ்டல் வாசலில் நின்றேன். அக்கா வரவில்லை. நாலு ஐம்பது. வரவில்லை. துணையில்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது லெட்டரில் இருந்தது. நாலு ஐம்பத்தைந்துக்குத் தெருமுனையிலிருந்து தலைமுடி ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கமாக ஓடி வந்தார்.

"தூங்கிட்டேன்மா! இத்தினி வருசத்துல மொதோ தபா, நல்லா தூங்கிட்டேன்!"

சொல்லும்போது அவர் முகம் ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரி இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தெருவும் ஓடினோம். யாருக்கு யார் துணை என்று கேட்டிருந்தால் இருவருக்கும் மூச்சு வாங்கியிருக்கும், பதில் வந்திருக்காது. நாய் கூட எழுந்து பார்த்தது.

மேஜைக்குப் பின்னால் சார்ட்டில் புதுப் பச்சை மை: லேடீஸ், துணையோடு, காலை ஐந்திலிருந்து ஒன்றரை.

ஒன்றரை! அந்த அரை மணி நேரத்தை மட்டும் மனிதர் விடவே இல்லை. அதைப் பற்றி அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, ஒன்றரைக்குச் சாவிக்கொத்தை வைத்துவிட்டு ஓடினேன். ஷேர் ஆட்டோவில் ஒரு மொட்டைப் பையனுக்கும் அவன் பாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து புளியோதரை தின்று முடித்தேன். இரண்டு இருபத்தெட்டுக்கு வகுப்பில் இருந்தேன்.

ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அவர் முதல் பெயரைப் படிப்பதற்கு முன்பே நான் எழுந்து நின்று, "பிரசன்ட் சார்!" என்று கத்திவிட்டேன்.