எஸ்தர் எழுதிய எண் சரிதான்

செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட் ஏறும் நேரத்தில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் போன் செய்தார். "எஸ்தர் போய்ட்டாங்க சார். காத்தால வாசல் பெருக்கிக்கினு இருந்தவங்க அப்டியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனிமேல் அவரிடம் சொல்லவே முடியாதே என்ற பயம்தான் வந்தது. நோட்டீஸ் போர்டில் ஒட்ட நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை பிறகு. முதலில் உண்மையை எழுதிவிடுகிறேன்.

எஸ்தர் அவர்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இலை தழைகளிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்கும் எங்கள் கம்பெனியில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். அப்பா அம்மா பிறத்தியார் கழனியில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் முதலில் கெமிஸ்ட்ரி படித்தவர் இவர்தான். கணவர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, ஒரே மகள். உயிரோடு இருந்தவரை அவரை நான் "நீ, வா, போ" என்றுதான் பேசினேன். இன்றைக்கு "அவர்கள்" போடுகிறேன். வெட்கக்கேடு.

என் லேபில் உதவியாளராகச் சேர்ந்தார். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஈரச்சாக்கில் திராட்சை இலை வரும். அதை அரைத்து, அதில் ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்று மிஷினில் பார்ப்பதுதான் எங்கள் வேலை. பூஞ்சையோ கடும் வெயிலோ தாக்கும்போது திராட்சைக்கொடி தன்னைக் காத்துக்கொள்ள இலையில் செய்துகொள்கிற பொருள் அது. வந்த ஒரு மாதத்தில் எஸ்தர் புள்ளி விழுந்த இலைகளைத் தனியாகப் பொறுக்கி வைத்துவிட்டு, "நோவு கண்ட எலையிலதான் சார் சரக்கு கீது. தளதளன்னு கீறதுல ஒண்ணும் இல்ல" என்றார். அழகான இலையையே தேடிக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் நான் கத்துவேன் என்பது ஊரறிந்த விஷயம். சார் கத்துற நாள்லதான் மிஷின் ஒழுங்கா ஓடுது என்று அவர் கேலி செய்வார்.

ஒருநாள் ஃப்ரிட்ஜில் இடமில்லை. இலைகள் வாடாமல் இருக்கட்டும் என்று பக்கத்து அறையில், கிருமிச் சோதனைக்கான கண்ணாடிப் பெட்டிக்குள் பரப்பி மூடியிருக்கிறார். சாப்பாட்டுக்குப் போகும்போது அந்தப் பெட்டியின் கிருமி கொல்லும் புற ஊதா விளக்கைப் போட்டுவிட்டுப் போவது என் பழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே போட்டேன். திரும்பி வந்து அணைத்தேன். மறுநாள் காலை அவர் அந்த இலைகளை அரைத்து மிஷினில் ஏற்றினார். வழக்கத்தைவிடப் பல மடங்கு காட்டியது. இரண்டு தரம் திருப்பிப் பார்த்தும் அதேதான். அதை அப்படியே எழுதிக் கொண்டுவந்தார்.

இலையை எங்கே வைத்திருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சத்துக்கேற்ற விலை வாங்கும் தோட்டக்காரருக்கு ஒத்தாசையாக, லேபில் இருந்த சுத்தமான ரெஸ்வெரட்ராலைக் கலந்து எண்ணை ஏற்றிவிட்டார் என்று நானாகவே முடிவு கட்டினேன். "மிஷின் இன்னா சொல்லுச்சோ அதத்தான் சார் எழுதினேன்" என்றார். நான் கத்தினேன். முடிவைத் திருத்தியவர், லேபுக்குத் தகுதியில்லாதவர் என்று மேலிடத்துக்குக் கடிதம் கொடுத்தேன். பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கேன்டீனில் அவருக்கு 'கலப்படம்' என்று பெயர் விழுந்தது. அதையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை கண்ணில் பட்டது. பறித்த பிறகும் திராட்சை இலை கொஞ்ச காலம் உயிரோடுதான் இருக்குமாம். புற ஊதா வெளிச்சம் பட்டால் அந்தப் பொருளை மளமளவென்று செய்யுமாம். பழைய நோட்டைப் புரட்டினேன்; இலையை அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததாக எஸ்தர் அன்றே குறித்திருந்தார். யாருக்கும் சொல்லாமல் நானே செய்து பார்த்தேன். எஸ்தரின் எண் சரி. அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் நான் மனிதன். நானோ அதை என் கண்டுபிடிப்பாக மேலிடத்தில் காட்டினேன். தொழிற்சாலையில் விளக்கு வரிசை வந்தது, எனக்கு மேனேஜர் பதவி வந்தது. அந்த வெளிச்சத்தில் விளைந்த பொடியை டப்பாவில் அடைத்து மூடிக்கொண்டிருந்தவர் எஸ்தர்.

ஒரு மதியம் அந்த விளக்குகளுக்கு அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு நான் எலைய வெச்ச பொட்டியிலயும் இதே லைட்டுதான சார்?"

"எனக்குத் தெரியாது. போய் வேலையப் பாரு" என்றேன்.

"சரி சார்" என்று போய்விட்டார். அதன் பிறகும் பார்க்கும்போதெல்லாம் என் மனைவியின் சுகர் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு வருடம் ஓட்டினேன்.

அடக்கத்தன்று அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம், இவர்தான் எஸ்தருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்று சொன்னார். பிறகு தனியாக அழைத்துப் போய், "அந்தக் கடுதாசிய நீங்களே ஒருநாள் வாபஸ் வாங்கிடுவீங்கன்னு சொல்லிக்கினே இருந்தா சார். பொண்ணும் கெமிஸ்ட்ரிதான் படிக்குது, அது காதுல இந்தப் பேச்சு விழக் கூடாதுன்னு" என்றார். அங்கேயும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, நடந்ததையெல்லாம் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன். பதவியையும் அவர்கள் முடிவுக்கு விட்டுவிட்டேன். ஒரு நகலை எஸ்தர் வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் நீட்டினேன். நின்றபடியே இரண்டு தரம் படித்தார்.

"இத எங்கம்மா இருக்கும்போது ஏன் சார் குடுக்கல?"

அவர் கதவைச் சாத்தவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

எஸ்தர் அவர்களே, நீங்கள் எதையும் கலக்கவில்லை. பொய்யைக் கலந்தவன் நான். நிம்மதியாகப் போய் வாருங்கள்.