அவள் வாங்காத சீட்டு

உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் புது டாக்டராகச் சேர்ந்திருந்த காலம் அது. முந்தானையில் வைக்கோல் ஒட்டியிருக்க, களத்திலிருந்து நேராக ஒரு தாய் தன் எட்டு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிவந்தாள். சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை.

"மூணு நாளா ஒடம்பு கொதிச்சிக்கினே கீது. ஒண்ணுக்குப் போவசொல்ல வீல்னு கத்துது டாக்டரம்மா," என்றாள்.

"குழந்தைன்னா அழத்தான் செய்யும்," என்றேன்.

காரணம் தெரியாத காய்ச்சலென்றால் சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்று படித்தவள்தான் நான். சிறுநீர் பிடிக்கும் டப்பாவோடு அரை மணி நேரம் காத்திருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. வரிசையோ வாசல்வரை நின்றது. காய்ச்சல் மருந்தை எழுதி, "கிளம்பும்மா," என்று சீட்டை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "அந்த டப்பாவ இப்டி குடும்மா," என்றாள். குழந்தையைக் கழுவிவிட்டு, தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்தாள். அதைத் தன் பாதங்களின்மேல் உட்காரவைத்து, "ஸ்ஸ்ஸ்..." என்று விடாமல் ஒலியெழுப்பினாள். என் அம்மாவும் என்னை அப்படித்தான் உட்காரவைத்திருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

சற்று நேரத்தில் டப்பாவில் சிறுநீர் விழுந்தது. கூடவே குழந்தை வீறிட்டது.

சோதனையில் சிறுநீரில் கிருமித் தொற்று தெரிந்தது. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடியது; உடனே வார்டில் சேர்த்துக்கொண்டோம். சில நாளில் குழந்தை சிரித்தபடி வீடு போனது.

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். அப்படியொரு காய்ச்சலோடு குழந்தை வந்தால் நானே தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுகிறேன். நர்ஸுகள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். அன்று அவள் அந்தச் சீட்டை வாங்கியிருந்தால் என்று நினைக்கும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடுகிறது.