அப்பா வேலை பார்த்த ஒஸ்லோ அலுவலகம்

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்பிள்ளை கூட "கு மோர்ன், கந்தையா!" என்று சிரிக்கிறாள். கந்தையா என் அப்பா. அந்த நேரம் அவர் எங்கள் ஊர் முரசுமோட்டையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார். நான் ரவீந்திரன். கடவுச்சீட்டில் எங்கள் முறைப்படி அப்பாவின் பெயர் முன்னால் நிற்கிறது, நோர்வேக்காரருக்கு முன்னால் நிற்பதுதான் ஆளின் பெயர். முகாமையாளரையே பெயர் சொல்லிக் கூப்பிடும் நாட்டில் எனக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? ஊரில் அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே கூசுவேன். இங்கே நாள் முழுக்க அவரைக் கோப்பி போடச் சொல்கிறார்கள், நான் எழுந்துபோய்ப் போடுகிறேன்.

இதை ஒருநாள் பகிடியாக அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் தொலைபேசியில், "தம்பி, இண்டைக்கு என்னை என்ன சொன்னவை?" என்று கேட்டார். அன்று தொடங்கியது. என் மதிய இடைவேளைக்கு, வயலால் வந்து கால் கழுவிவிட்டுக் கதிரையில் காத்திருப்பார். கந்தையாவைப் பாராட்டினார்கள் என்றால், "பின்னை?" என்பார். பிந்திப் போனதற்கு ஏச்சு விழுந்தது என்றால், "என்ரை பேரைக் கெடுக்காதை" என்று சீறுவார். தேநீர்க் கடையில் "எங்கடை கந்தோரிலை சனிக்கிழமை லீவு" என்று சொல்லித் திரிவதாகவும் கேள்வி. அம்மா போன பிறகு அவர் ஆசையாகக் கதைத்த ஒரே விஷயம் இந்த உத்தியோகம்தான். அதனால் நானும் யாரையும் திருத்தப் போகவில்லை.

அலுவலகம் என்றால் காப்புறுதி நிறுவனம். கிளிநொச்சியிலும் இதே தொழிலில்தான் இருந்தேன். அங்கே மூன்று சிவகுமார்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூலையிலிருந்து கூட வேலைசெய்த யோகன், "அண்ணை, இது தண்ணிப் பம்பு சிவகுமார்" என்று குரல் கொடுப்பான். எங்களில் ஒருவனுக்குத் தெரிந்ததெல்லாம் இப்படிக் கதையோடு கதையாக மற்றவனுக்கும் தெரிந்துவிடும். கொழும்பிலிருந்து ஒருவர் 'அறிவுப் பகிர்வு' நடத்த வந்தார். திரையில் முதல் படம் விழுந்ததும் கரண்ட் போனது. அவர் திரும்பிப் போனார், நாங்கள் விட்ட இடத்திலிருந்து கதைக்கத் தொடங்கினோம்.

ஒஸ்லோவில் இந்த அறிவுப் பகிர்வுக்கு 'குன்ஸ்காப்ஸ்டேலிங்' என்று பெயர். வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல, மற்றவர்கள் மதியச் சாப்பாடான குளிர்ந்த பாணைச் சத்தமில்லாமல் மென்றுகொண்டு கேட்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து மேசைக்காரனிடம் வாகன இழப்பீடு பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். அதைப் பற்றித்தான் வெள்ளிக்கிழமை பேசப்போவதாகவும், இப்போதே சொன்னால் அன்று சொல்ல ஒன்றும் இராது என்றும் மன்னிப்புக் கேட்டான்.

இந்த நிலையில்தான் செல்வராசா குகன் என்ற எங்கள் பொடியன் செத்துப்போனான். எங்கள் அலுவலகத்தில் யாரோ அவன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, செல்வராசா இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். குகனின் மனைவி, மாமனாரைக் கேட்கிறார்கள் என்று எண்ணி, அவர் இறந்து கனகாலம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். உடனே குகனின் கார்க் காப்புறுதியை நிறுத்திவிட்டார்கள். கோபத்தோடு நேரில் வந்தவனிடம், எங்கள் முகாமையாளர் இங்ரிட் கணினியைப் பார்த்துவிட்டு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். யார் செத்தது என்று அவன் கேட்க, நீங்கள்தான் என்றார். குகன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, நான் செத்திட்டனாம். ஒருக்கா உயிர்ப்பிச்சு விடுங்கோ."

அந்த வெள்ளிக்கிழமை பேச வேண்டியவன் நான் ஆனேன். பலகையில் எழுதி விளக்கினேன்: முன்னால் நிற்பவர் தகப்பன், பின்னால் வருபவர்தான் ஆள். தகப்பன் இறந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். ஒன்றும் செய்யமாட்டோம், அவர் முன்னாலேயே நிற்பார் என்றேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். இங்ரிட் மட்டும் மெல்லும் வாயை நிறுத்தி, "அப்படியானால் நீ யார்?" என்று கேட்டார். சொன்னேன். இத்தனை காலமும் உன் தகப்பனையல்லவா கூப்பிட்டிருக்கிறோம் என்று அவர் முகம் சிவந்துபோனது. திங்கட்கிழமை வாசல் அட்டை, மின்னஞ்சல் எல்லாம் ரவீந்திரனாகியிருந்தன. பழைய முகவரிக்கு எழுதிப் பார்த்தேன். "கந்தையா எங்கள் நிறுவனத்தில் இப்போது பணியாற்றவில்லை" என்று பதில் வந்தது.

மதியம் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப என்னை நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

"இல்லை அப்பா, நீங்கள் பென்சன் எடுத்திட்டியள்."

"எடுக்கிறது சரி. ஒரு சொல்லுச் சொல்லாமல் வரலாமே? எல்லாரிட்டையும் நான் போயிட்டு வாறன் எண்டு சொல்லிவிடு."

மறுக்க மனம் வரவில்லை. மேசை மேசையாகப் போய், கந்தையா விடைபெறுகிறார், உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னார் என்றேன். பாதிப் பேர் நான் வேலையை விடுகிறேன் என்று நினைத்து வருத்தப்பட்டார்கள். இங்ரிட் மட்டும் எழுந்து நின்று என் கையைப் பிடித்து, அவர் நல்ல வேலைக்காரர், நாங்கள் அவரைத் தேடுவோம் என்றார். அப்பாவுக்காகக் கையைக் குலுக்கிவிட்டு, தனியாக என் கதிரையில் வந்து உட்கார்ந்தேன்.