பதினெட்டிலிருந்து பதினாறுக்கு

டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார் கண்ணாடிக்காரர். குழந்தையின் கன்னத்தைத் தொடுவது மாதிரி ஒரு தடவை. மாம்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பது மாதிரி இன்னொரு தடவை. கடைக்கு வந்த மற்றவர்கள் டயரின் பள்ளங்களை, பளபளப்பைப் பார்க்கிறார்கள். இவருக்கு அந்தக் கறுப்பு ரப்பர் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பது ஒன்றுதான் கேள்வி.

"மாமா, அது டயரு. தர்பூசணி இல்ல" என்கிறான் டயர்க்கடை வைத்திருக்கும் மச்சினன்.

"நீ உன் வேலையப் பாரு மாப்ளே. இது இன்னும் வெறப்பா இருக்கு. இதவிட சாதுவா ஒண்ணு இருக்கா?"

"இதவிட சாதுன்னா தலகாணிதான் மாட்டணும்."

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அடுத்த டயரை நோக்கி நகர்கிறார்.

மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா, மூக்கில் தடம் விழுகிறதா என்று ஊராரைக் கேட்டுக் கேட்டே வாய் தேய்ந்தவர். "கூச்சப்படாம சொல்லுங்க. இங்க சிரிச்சுட்டு வீட்டுக்குப் போயி என்னைத் திட்டாதீங்க" என்பார். பிரேமுக்குச் சூடு காட்டி, மயிரிழை வளைத்து, மாட்டிவிட்டு, மறுபடி கழற்றி மறுபடி வளைப்பார். வந்தவர் போதும் என்றாலும் விடமாட்டார். இத்தனை பேரின் காதுக்கும் மூக்குக்கும் இரங்கிய அந்த மனிதருக்கு, பக்கத்து இருக்கையில் ஓர் உயிர் வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் தெரியாமல் போயிற்று. விதி என்று சொல்லித் தப்பிக்க அவரால் முடியவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுவந்து சுற்றலாம். கண்ணாடிக்காரர் பந்தயக்காரர் அல்ல, கோப்பை எதுவும் தூக்கியதில்லை. போன வாரம் கோணலாக எடுத்த வளைவை இந்த வாரம் நேராக எடுத்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

தளத்துக்கு வரும் மற்றவர்கள் இரண்டு செட் சக்கரம் வைத்திருந்தார்கள். தெருவுக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று. இவர் அவர்களைக் கேலி செய்தார். "எனக்கு ஒரே செட்டுப்பா. கட்டினவ ஒருத்தி, சக்கரமும் ஒண்ணு." பதினெட்டு அங்குலச் சக்கரம், அதைச் சுற்றி நாடா மாதிரி மெலிந்த டயர், அதற்குள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெரிய பிரேக். சக்கரம் பெரிதானால் டயரின் சதை குறையும். சதை குறைந்தால் வண்டி திரும்பும்போது துவளாது, கத்தி மாதிரி வெட்டும். ஆனால் குழியில் விழுகிற அடியை வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்காது. அடி நேரே உள்ளே வரும். உட்கார்ந்திருப்பவரின் முதுகில் போய் இறங்கும்.

அந்தக் காரில்தான் தினமும் காலையில் மனைவியை அவள் வேலை செய்யும் நூலகத்தில் இறக்கிவிட்டார்.

"ரோட்டோட சக்கரம் பேசுது பாரு. கேக்குதா?" என்பார் உற்சாகமாக.

"கேக்குதுங்க" என்பாள்.

ஒருநாள் அவள் வேறு மாதிரி சொன்னாள். "உங்களுக்கு எதுக்குங்க வீண் சுத்து? நான் பஸ்லயே போயிக்கறேன். கூட ரெண்டு பேரு வர்றாங்க, பேச்சுத்துணையா இருக்கும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பாவி மனிதர், சந்தோஷப்பட்டார்! மச்சினனிடம் போய், "வண்டி இப்ப லேசா இருக்கு மாப்ளே. திருப்பத்துல நல்லாவே தெரியுது" என்று வேறு சொன்னார். நாக்கிலிருந்து விழுந்த அந்தச் சொல்லைப் பொறுக்கி எடுத்து விழுங்கிவிட முடியுமானால், இன்றைக்கு அவர் எதையும் கொடுப்பார்.

இன்னும் விறைப்பான டயர் வேண்டும் என்று கேட்கப் போன அன்றுதான் மச்சினன் வாயைத் திறந்தான். சக்கரம் கழற்றுகிற மிஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இதுக்கு மேல வெறப்பு எதுக்கு மாமா? அக்காவுக்கு முதுகுத்தண்டுல ஜவ்வு நகந்திருக்கு. நீங்க தளத்துல இருந்தப்ப நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்."

"எப்பலேருந்து?"

"உங்க பதினெட்டு வந்ததுலேருந்து. பஸ்ல கடைசி சீட்டுகூட உங்க வண்டிக்கு மெத்தையா இருக்காம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து அவர் கேட்டபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "சொன்னா கழட்டிப் போட்டிருப்பீங்க. அப்புறம் ஞாயித்துக்கெழமை பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருப்பீங்க. அத யாரு பாக்கறது?"

அதன்பிறகுதான் இந்த அமுக்கிப் பார்க்கும் வேலை. பதினாறு அங்குலச் சக்கரம், உயரமான, சதைப்பற்றான டயர் என்று முடிவு செய்தார். முடிவு செய்வது சுலபம். பதினாறு உள்ளே ஏறவில்லை. பெரிய பிரேக் இடித்தது. மச்சினன் சக்கரத்தை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பிரேக்கச் சின்னதா மாத்தினாத்தான் இது ஏறும். மாத்திட்டா தளத்த மறந்துருங்க. நாலு திருப்பத்துல சூடாகிக் கைவிட்ரும். ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் மாத்தி மாத்தி மாட்டற சாமானும் இல்ல இது. நல்லா யோசிச்சுக்குங்க."

ஆசை ஆசையாக அவரே தேர்ந்தெடுத்து மாட்டிய பிரேக். பழைய துணியால் அதன் தூசியை ஒரு தடவை துடைத்துவிட்டார்.

"கழட்டு மாப்ளே."

தளத்து நண்பர்கள் கண்ணில் பட்டால் விடுவார்களா? "என்ன கண்ணாடி சார், காருக்கு பூட்ஸக் கழட்டிட்டு ரப்பர் செருப்பு மாட்டிட்டீங்க?" என்றார்கள். "அது காலுக்கு இதமா இருக்குப்பா" என்றார். அத்துடன் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஆனால் யாருக்காகக் கழற்றினாரோ, அவள் ஏறவேண்டுமே. தினமும் காலையில் காரைத் துடைத்து, பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "இருக்கட்டுங்க, பஸ்ஸே பழகிப்போச்சு" என்று குடையும் பையுமாக அவள் தாண்டிப் போனாள். கோபமில்லை, கோபமிருந்தால் சமாதானம் சொல்லலாம். அந்தச் சாதாரணக் குரல்தான் அவரைக் கொன்றது.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் காரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டார். கூட்டம் பிதுங்கிய பஸ் ஒன்று நிற்காமல் அப்போதுதான் போயிருந்தது.

"ஏறிக்கோ. இந்த ஒரு தடவ மட்டும். புடிக்கலேன்னா நாளைக்குக் கேக்க மாட்டேன்."

கூட நின்ற பெண்கள் விடவில்லை. "போங்கக்கா, ராசா ரதத்தோட வந்து நிக்கறாரு! நாங்க மட்டும் மாட்டேன்னா சொல்லுவோம்?"

அவள் வெட்கத்தோடு ஏறி உட்கார்ந்தாள். அவர் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டு ஓட்டினார். நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகக் கட்டுகளைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தாள். தபாலாபீஸ் முன்னால் வேகத்தடை வந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் அவர் கண் சாலையில்தான் இருக்கும். அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தார்.

பேச்சு நிற்கவில்லை. ஆனால் அவளுடைய ஒரு கை மேலே போய்க் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றியது. மறு கை இருக்கையில் ஊன்றியது. உடம்பு இருக்கையை விட்டு அரைச் சாண் மேலே எழும்பி நின்றது. கார் பஞ்சு மாதிரி ஏறி இறங்கியது. அவளும் இறங்கி உட்கார்ந்து, பாதியில் இருந்த வாக்கியத்தை முடித்தாள். தான் எழும்பியது அவளுக்கே தெரியவில்லை.

குழி எங்கே, மேடு எங்கே என்று அந்தச் சாலை முழுவதையும் அவள் உடம்பு மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அவர் சக்கரத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் அவள் இப்படித்தான் வந்திருக்கிறாள்.

"இப்ப நல்லா இருக்குங்க. ஏறினதே தெரியல" என்றாள்.

அடுத்த வேகத்தடை தெரிந்தது. அவள் கை மறுபடி பிடியைத் தேடிப் போனது. கண்ணாடிக்காரர் வேகத்தை நன்றாகக் குறைத்தார். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் எழும்பிய அதே கணத்தில், தானும் இருக்கையை விட்டு எழும்பினார்.