ஒற்றைக் கையில் பாதிப் பேச்சு

அவள் பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவள். மாவு கலக்குவதும் சுடுவதும் உள்ளே வேறு ஆட்கள். வெந்து ஆறி, வெள்ளை க்ரீம் பூசி அவள் மேஜைக்கு வந்த பிறகுதான் கேக்குக்கு ஒரு முகம் வரும். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரின் பெயரை அவள் கை எழுதியிருக்கிறது. ஆனால் ஒரு பெயரைக்கூட அவள் காது கேட்டதில்லை, பிறவியிலேயே கேட்காது. அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அந்த உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் அந்த ஆளுக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

பேசுவது என்றால் கையால். ஊரில் வாயாடி என்பார்களே, சந்தேகமே இல்லாமல் அந்த ரகம். என்ன, இவளுக்கு வாய் இரண்டு கையிலும் இருந்தது. கணவருக்கும் காது கேட்காது. பள்ளியில் அவள் சடையைப் பின்னால் இருந்து இழுத்துக்கொண்டிருந்தவர், பிறகு அவளையே கட்டிக்கொண்டார். தூரத்து ஊரில் மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடும் வேலை, மாதக்கணக்கில் வரமுடியாது. மதியம் பேக்கரியில் கூட்டம் ஓய்ந்ததும் இருவரும் வீடியோ காலில் உட்கார்ந்தால் அன்றைய தினத்தைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அவளுடைய நாளே அந்த அரைமணி நேரத்தைச் சுற்றித்தான் ஓடியது.

அவளுக்கு ஒரே தம்பி. சின்ன வயதில் மூக்கு ஒழுகிக்கொண்டே திரிந்ததால், மூக்கைப் பிடித்துக் காட்டுவதுதான் கைப்பேச்சில் அவன் பெயர். வளர்ந்து தாடி வைத்த பிறகும் அக்காவுக்கு அவன் சளிமூக்கன்தான். சின்னப் பையனாக இருந்தபோதே அக்காவுக்குக் குரல் அவன். கடைக்குப் போனால் அவள் கையால் சொல்வாள், அவன் வாயால் சொல்வான். "இந்த ஆள் ஏமாத்துறான், அழுகின தக்காளியை அடியில போடுறான்" என்று அவள் சொன்னால், "அண்ணே, கொஞ்சம் நல்லதா பார்த்துப் போடுங்க" என்பான். அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். காரத்தை வடிகட்டிவிட்டான் என்று தெரிந்ததும் முதுகில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும்.

இப்போது அவன் போன்களைப் பற்றி வீடியோ போடுகிறான். புதிதாக ஒரு போன் வந்தால் பெட்டியைப் பிரித்து, திருப்பித் திருப்பிக் காட்டி, நல்லது கெட்டது சொல்வான். அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அக்கா பார்க்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வீடியோவிலும் கீழே எழுத்து ஓடவிடுவான். அந்த எழுத்தை முதலில் இருந்து கடைசிவரை விடாமல் படிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

மடக்குகிற போன் வந்தபோது நேராக பேக்கரிக்கே ஓடிவந்தான். பாதி மடக்கி மேஜைமேல் வைத்தான், அது தன்னால் நின்றது.

"பாருக்கா! புடிக்க வேண்டாம், சாய்ச்சு வைக்க வேண்டாம். உன் ரெண்டு கையும் ஃப்ரீ. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. கண்ணை மூடிட்டு வாங்கு."

அவள் வாங்கினாள். அவன் கையில் இருந்தது கம்பெனி ஒரு வாரத்துக்குக் கொடுத்த போன், வீடியோ எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதை அவன் மறைக்கவில்லை, வீடியோவிலேயே சொல்லியிருந்தான். ஒரு வாரத்தில் ஒரு போனைப் பற்றி என்ன தெரியும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் போன் இருந்த வரைக்கும் அவளுக்குக் கொண்டாட்டம். கேக் மேஜை ஓரத்தில் நிறுத்திவைத்துவிட்டு இரண்டு கையாலும் வெளுத்துவாங்குவாள். பேச்சு பெருகிக் கதை கதையாக ஓடியது. கணவர் அந்தப்பக்கம் சிரித்து சிரித்து பாலிஷ் துணியால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இத்தனை வருஷம் இவளோடு குடும்பம் நடத்தியும் இவளிடம் இவ்வளவு பேச்சு இருந்தது தெரியவில்லையே என்று ஒருநாள் சொன்னார். அவள் வெட்கப்பட்டு கேக்கில் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டாள்.

சில மாதங்கள் போயின. திரையின் நடுவில், மடிகிற இடத்தில், மேலே ஒட்டியிருந்த மெல்லிய தாள் லேசாக உப்பி எழுந்தது. பிறகு ஓரம் பிரிந்தது. கேக்குகள் எல்லாமே சுற்றிலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளோடுதான் அவளிடம் வரும். ஓரத்தை நகத்தால் கிள்ளி, ஒரே இழுப்பில் சர்ரென்று உரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். நாள் முழுக்க அந்த வேலை பார்க்கிற கை, போனிலும் ஓரம் தூக்கி நிற்பதைப் பார்த்தது. யோசிக்கவே இல்லை. சர்ரென்று உரித்தது.

அது புதுச் சாமான்மேல் ஒட்டிவருகிற காகிதம் இல்லை, திரையிலேயே ஒரு பாகம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. மறுநாள் கோடு பட்டையானது, அதற்கும் மறுநாள் திரையே அணைந்துபோயிற்று. பழுது பார்க்கும் இடத்தில் இருந்தவர் போனைப் பார்த்துவிட்டு, "தாளை நீங்களே உரிச்சிருக்கீங்க, அதனால வாரன்ட்டி கிடையாது" என்று எழுதிக் காட்டினார். உரிப்பதற்கு முன்பே அது தானாகப் பிரிந்து நின்றதே என்று அவள் பதில் எழுதுவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தம்பியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அந்த வாரம் அவன் ஒரு வீடியோ போட்டான். மடக்கு போன் கெட்டுப்போகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்களாம், அதற்குப் பதில். கீழே எழுத்து ஓடியது: "ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவங்க கையில எந்தப் போனும் நிக்காது."

அவள் அதை நிறுத்தி இன்னொருமுறை படித்தாள். அவளுக்காக ஓடவிட்ட எழுத்து அது. கோபம் வந்திருந்தால் நல்லது, வந்தது வெட்கம்தான். செத்த போனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் திணித்தாள். அவனுக்குத் தெரிந்தால் தன் சொந்த அக்காவையே அப்படிச் சொல்லிவிட்டோம் என்று பிள்ளை உடைந்துபோவான். தெரியவே வேண்டாம்.

பழைய போன் ஒன்று கிடந்தது. சர்க்கரை டப்பாமேல் சாய்த்தால் வழுக்கி விழும். அதனால் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பேசினாள். இரண்டு கையும் சேர்ந்தால்தான் முழுசாகிற சொற்கள் எத்தனையோ, எல்லாம் பாதி பாதியாக நின்றன. கதை போயிற்று, கிண்டல் போயிற்று. சாப்பிட்டாயா, வேலை எப்படி, சரி, வைக்கிறேன். தம்பி காதுக்குப் போய்விடும் என்று கணவரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை.

அவர் எத்தனை நாள் பொறுப்பார்? மச்சானுக்குச் செய்தி அனுப்பினார்: "உங்க அக்கா என்மேல கோபமா இருக்கா. முகம் குடுத்துப் பேசமாட்டேங்குறா. ஒத்தைக் கையிலதான் பேசுறா. நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேட்டுச் சொல்லுங்க."

தம்பிக்கு மற்றது எதுவும் உறைக்கவில்லை, ஒற்றைக் கை என்பது உறைத்தது. மறுநாளே பேக்கரியில் வந்து நின்றான்.

"போன் எங்கக்கா?"

"வீட்ல இருக்கு."

"ஏன் கொண்டுவரலை?"

அவள் க்ரீம் பையைப் பிழிந்து ரோஜாப்பூ போட ஆரம்பித்தாள். இரண்டு கைக்கும் வேலை இருந்தால் பதில் சொல்லவேண்டாம் அல்லவா? அவன் விடவில்லை, பையைப் பிடுங்கி வைத்தான். வேறு வழியில்லாமல் அவள் சொன்னாள், உரித்தது முதல் அலமாரி வரை. கடைசியில், "நான்தான் ஒழுங்கா வச்சுக்கலை" என்றாள்.

அவன் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். அந்தத் தாள் தானாகப் பிரிகிறது என்று எத்தனை பேர் அவனுக்கு எழுதியிருந்தார்கள்! பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று தள்ளியிருந்தான். தாளை உரிக்கக்கூடாது என்று அவனும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் வைத்திருந்த வாரத்தில் அது பிரியவே இல்லையே.

"அக்கா, நீ பேசு. நான் வீடியோ எடுக்குறேன். நீ சொல்றதை அப்படியே நான் குரல் குடுத்துச் சொல்றேன்."

"வேண்டாம். உன் பேரு கெடும்."

"கெடட்டும்க்கா."

கேமராவுக்குப் பக்கத்தில், அவளுக்கு உதடு தெரியும்படி உட்கார்ந்துகொண்டான். செத்த போனை மேஜையில் வைத்துவிட்டு அவள் இரண்டு கையாலும் ஆரம்பித்தாள். ஒருவாரம் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு வருஷத்துக்கு உறுதி சொல்லாதே என்றாள். அவன் சொன்னான். எழுதிக் கேட்டவர்கள் எல்லாம் கைவாகு இல்லாதவர்கள் என்று நினைத்தாயே, அது திமிர் என்றாள். அவன் திமிர் என்ற சொல்லைத் திமிர் என்றே சொன்னான். தக்காளிக் கடைக்காலம் தொட்டு, அவளுடைய காரத்தை வடிகட்டாமல் அவன் சொன்னது அன்றைக்குத்தான். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக அவள் மூக்கைப் பிடித்துக் காட்டினாள். கைகள் மெதுவாக அசைந்தன. அவன் உதடு, "அவ்வளவுதான், நன்றி" என்று அசைந்தது.

அவள் எழுந்துபோய் அவன் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். "நான் சொன்னது அது இல்லை. முழுசா சொல்லு."

"அது எதுக்குக்கா? வெட்டிடலாம்."

"சொல்லு."

அவன் கேமராவைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என் தம்பி பொய் சொல்லலை. தெரியாம சொன்னான். நாளைக்கு அவன் ஒண்ணு நல்லா இருக்குன்னு சொன்னா, நான்..." அதற்குமேல் வரவில்லை. மூக்கு ஒழுகியது. தாடி வைத்த ஆள், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். அவள் காத்திருந்தாள், அவசரமே படவில்லை. அவன் உதடு மறுபடி திறந்தது.

"நான் மறுபடியும் நம்பித்தான் வாங்குவேன்."

ஒரு சொல்லும் விடவில்லை என்று உதட்டில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவள் தலையசைத்தாள். அப்புறம் அவன் போனை வாங்கி, கணவருக்கு வீடியோ கால் போட்டு, அவன் கையிலேயே கொடுத்து, தன் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அந்தப்பக்கம் கணவர் முகம் வந்ததும், தம்பி கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் இரண்டு கையாலும் பேச ஆரம்பித்தாள்.