வாய்தாவுக்கு நானும் போனேன்

சென்னையில் பாரிமுனைப் பக்கம் இருக்கும் அந்தச் சிவப்புக் கோர்ட்டுக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. என் வீட்டுக்காரர் காரைக்குடியிலிருந்து ரயிலேறி அடிக்கடி அங்கே போவார். மண்ணடியில் மாமனார் விட்டுப்போன கடை யாருக்கு என்று அவருக்கும் அவர் அண்ணனுக்கும் வழக்கு. திரும்பி வந்து, "வாய்தா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். ஒரு மனுஷனை இப்படி ஊமையாக்கி அனுப்புகிற கட்டடம் எப்படித்தான் இருக்கும்?

போன தை மாதம் பிடிவாதமாக நானும் கிளம்பிவிட்டேன். "அங்க என்ன இருக்கு பாக்க? கறுப்புக் கோட்டும் காகிதக் கட்டும்தான்" என்றார்.

வாசலில் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். செக்கச்செவேலென்று செங்கல், வளைவுக்குள் வளைவு, உச்சியில் கும்மட்டங்கள். ஒரு கோபுரத்தின் தலையில் முன்பு கலங்கரை விளக்கம் எரிந்ததாம். கோர்ட்டுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

"இத்தனை வருசமா வாரீக. இப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா?"

அவர் அப்போதுதான் பார்க்கிறவர் போலத் தலையைத் தூக்கி, "ஆமா, பெருசாத்தான் இருக்கு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வக்கீல் வந்து அவரை உள்ளே அழைத்துப் போனார். நான் தாழ்வாரத்தில் நடந்தேன். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் தரையில் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது. தூண்களில் செதுக்கிய பூக்கள் ஒன்று போல் ஒன்று இல்லையோ என்று சந்தேகம் வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு தூணடியில் இன்னொரு பெண் என்னைப் போலவே அண்ணாந்து நின்றாள். பார்த்தால், ஆச்சி!

ஆச்சி என்றால் என் மூத்த ஓரகத்தி, எதிராளியின் மனைவி. காரைக்குடியில் எங்களுக்கு ஒரே வீடு. முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவள் அடுப்பு, இந்தப் பக்கம் என் அடுப்பு. முன்பெல்லாம் குழம்புக் கிண்ணம் ஓயாமல் முற்றத்தைத் தாண்டும். வழக்கு வந்ததும் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அவர்களுக்காக நாங்களும் நிறுத்திக்கொண்டோம். அவள் தாளிக்கிற வாசம் வரும், முகம் மட்டும் என் பக்கம் திரும்பாது. அவளைப் போல் எனக்கு இன்னொரு சிநேகிதி கிடையாது. அவள் பேசாதது என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் விலகிப் போய்விடுவாளோ என்று பயந்தேன். ஆச்சி மேலே கைகாட்டினாள்.

"அந்தப் பூவப் பாத்தியா? தாமரையா, என்னது?"

"தாமரை மாதிரி தெரியலையே ஆச்சி. இங்குட்டு வாங்க, இந்தத் தூணுல வேற மாதிரி இருக்கு."

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டோம். அவளும் அடம்பிடித்துத்தான் வந்தாளாம். கண்ணாடிக்குக் கீழே நின்று, சேலையில் விழுந்த நிறங்களைப் பார்த்துச் சிரித்தோம். ஒரு படிக்கட்டு எங்கே போகிறது என்று ஏறிப் பார்த்து, காவலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினோம். இறங்கும்போது, "உன் இடுப்பு வலி தேவலையா?" என்றாள்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ கோலம் போட்டுட்டு நிமிர முடியாமப் படுற பாட்டத்தான் தெனமும் பாக்குறேனே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவு திறந்து அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வக்கீலோடு வெளியே வந்தார்கள். ஆச்சி சட்டென்று தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நானும் முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"வாய்தா" என்றார் என் வீட்டுக்காரர். "அடுத்த தடவ முடிஞ்சிரும்னு வக்கீல் சொல்றாரு. நமக்குத்தான் சாதகமாம்."

வழக்கு சீக்கிரம் முடிய வேண்டும் என்று திருக்கோஷ்டியூரில் விளக்கு வைத்து வேண்டிக்கொண்டவள் நான். ஆனால் தீர்ப்பு வந்தால் ஒரு வீடு தோற்கும். தோற்ற வீடு ஜென்மத்துக்கும் பேசாது.

எங்களைக் கடந்து போகும்போது ஆச்சி வேண்டுமென்றே பின்தங்கினாள். என் பக்கம் திரும்பாமல், "அடுத்த வாய்தாவுக்கும் வருவியா?" என்று கேட்டாள்.

"வாரேன் ஆச்சி."

ரயிலில் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். இந்த வழக்கு இன்னும் பல வருஷம் இழுக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டு வந்தேன்.